எண்ணிக்கை இறங்கும்போதே புதிய திரிபு ஏறுவதைக் கணக்கால் கண்டுபிடிக்க முடியுமா?

தாமரைக்குளம் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சில வருடங்களாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே கேட்கிறேன்.

2020 செப்டம்பரில் நம் நாட்டில் ஒரே நாளில் 90,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியானது. 2021 பிப்ரவரியில் அது சுமார் 11,000க்கு இறங்கிவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், தள்ளிப்போட்டிருந்த தங்கை கல்யாணத்தைச் சித்திரையில் வைத்தோம். மே 6ஆம் தேதி ஒரு நாள் எண்ணிக்கை 4 லட்சத்துக்கும் மேல். அப்பா அந்த மாதம் போய்விட்டார்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மொத்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஒரு புதிய திரிபு ஏறிக்கொண்டிருப்பதைக் கணக்கால் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டென்றால் எத்தனை நாள் முன்னால் தெரியும்? பதினொன்றாம் வகுப்புக் கணக்கு அளவுக்குச் சொன்னாலே எனக்குப் புரியும்.

---

எண்ணும்எழுத்தும் | ஞாயிறு, இரவு 10:25

அப்பாவுக்கு என் அஞ்சலி, டீச்சர். நான் நோய்ப்பரவல் புள்ளியியலில் வேலை செய்கிறவன். வழி உண்டு. முதலில் ஒரு கற்பனை ஊரை வைத்துக் காட்டுகிறேன்.

அந்த ஊரில் பழைய திரிபு வாரத்துக்கு 10,000 பேருக்கு வருகிறது. கட்டுப்பாடுகளால் வாரம் 20% குறைகிறது. புதிய திரிபு 100 பேருக்குத்தான். ஆனால் அதே கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் அது வாரம் 40% கூடுகிறது. பழையது, புதியது, மொத்தம் என்று எழுதுகிறேன்:

தொடக்கம்: 10,000 + 100 = 10,100
2ஆம் வாரம்: 6,400 + 196 = 6,596
4ஆம் வாரம்: 4,096 + 384 = 4,480
6ஆம் வாரம்: 2,621 + 753 = 3,374
7ஆம் வாரம்: 2,097 + 1,054 = 3,151
8ஆம் வாரம்: 1,678 + 1,476 = 3,154
10ஆம் வாரம்: 1,074 + 2,893 = 3,967
12ஆம் வாரம்: 687 + 5,669 = 6,356

செய்தியில் வருவது கடைசி எண் மட்டும். ஏழு வாரம் அது இறங்குகிறது. எல்லோரும் மூச்சு விடுகிறோம். எட்டாவது வாரம் நின்றதுபோல் இருக்கிறது, அப்புறம் ஏறுகிறது. நடு எண்ணோ முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது மொத்தத்தை விட்டுவிட்டு, புதியதைப் பழையதால் வகுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 0.01. ஒவ்வொரு வாரமும் அது 1.4/0.8, அதாவது 1.75 மடங்காகிறது. இந்த விகிதத்துக்கு மடக்கை எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சாய்வுதான் புதிய திரிபுக்குப் பழையதைவிட இருக்கும் வளர்ச்சி மிகுதி. மூன்று நான்கு புள்ளிகள் கிடைத்தாலே கோட்டை நீட்டி, எந்த வாரத்தில் பாதிக்குப் பாதி ஆகும் என்று சொல்லிவிடலாம்.

விகிதத்தைப் பார்ப்பதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் பரிசோதனை பாதியாகக் குறைகிறது என்று வையுங்கள். இரண்டு திரிபின் எண்ணிக்கையும் பாதியாகும், விகிதம் அப்படியே இருக்கும். முகக்கவசம், ஊரடங்கு, வானிலை எல்லாமே இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிப்பவை. அதனால்தான் மொத்த எண்ணிக்கையை ஊகிக்க முடியாமல் தடுமாறும் கணித மாதிரிகள்கூட, ஒரு திரிபு எப்போது மற்றதை முந்தும் என்பதை நன்றாகவே சொல்லிவிடுகின்றன. 2021 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்ட கணிப்பு இதற்கு நல்ல உதாரணம். அப்போது அங்கே ஆல்ஃபா என்ற புதிய திரிபு மிகக் குறைவு. மார்ச் மாதத்தில் அதுவே பெரும்பான்மை ஆகும் என்றார்கள். ஏப்ரல் தொடக்கத்தில், நாட்டில் அதிகம் பரவும் திரிபு அதுதான் என்று அறிவித்தார்கள்.

---

ஆய்வகவாசி | ஞாயிறு, இரவு 11:05

கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார். அந்த "நடு எண்" எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன். நான் பி.சி.ஆர். ஆய்வகத்தில் டெக்னீஷியன்.

இங்கிலாந்தில் 2020 நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை இரண்டாவது ஊரடங்கு. பல பகுதிகளில் தொற்று குறைந்தது. லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கும் கென்ட் பகுதியில் மட்டும் குறையவே இல்லை. ஏன் என்று தேடியபோது, செப்டம்பர் 20 வாக்கில் எடுத்த ஒரு சாம்பிள் வரைக்கும் தடம் போனது. அதுதான் பி.1.1.7. உலகச் சுகாதார நிறுவனம் பிறகு ஆல்ஃபா என்று பெயர் வைத்தது.

அங்கே பெரிய ஆய்வகங்கள் சிலவற்றில் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் டாக்பாத் என்ற பி.சி.ஆர். கிட் ஓடியது. அது வைரஸில் மூன்று இடங்களைத் தேடும். அதில் ஒன்று எஸ் ஜீன், அதாவது வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கான மரபணு. ஆல்ஃபாவில் 69, 70ஆம் இடங்களில் இரண்டு அமினோ அமிலங்கள் இல்லை. அதனால் மற்ற இரண்டுக்கும் சிடி மதிப்பு (எத்தனையாவது சுற்றில் வைரஸ் தெரிகிறது என்ற எண்) அழகாக வரும், எஸ் ஜீனுக்கு மட்டும் கோடு எழும்பாது. இதைத்தான் எஸ் விழுந்தது என்போம். சாதாரண நாளில் அதைப் பார்த்தால் கிட்டில் ஏதோ கோளாறு என்றுதான் எனக்குத் தோன்றும். அங்கே அந்தக் கோளாறையே எண்ணத் தொடங்கினார்கள். வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து வரிசைப்படுத்த நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம். அன்றைய பாசிட்டிவில் எத்தனை பேருக்கு எஸ் விழுந்திருக்கிறது என்பது மறுநாளே தெரியும். டிசம்பர் நடுவில் லண்டன் தொற்றில் பாதிக்கும் மேல் அதுதான்.

எஸ் விழுந்ததெல்லாம் ஆல்ஃபா என்றும் சொல்ல முடியாது. அதே குறை உள்ள வேறு திரிபுகளும் அக்டோபரில் சுற்றிக்கொண்டிருந்தன. அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் கதை தலைகீழ். ஆல்ஃபா குறைய, எஸ் ஜீன் விழாத பாசிட்டிவ் கூடியது. அது டெல்டா. டீச்சருடைய கேள்விக்கான காட்சி 2021 மே மாத இங்கிலாந்தில் அப்படியே நடந்தது.

---

மலைச்சாரல் | திங்கள், காலை 7:40

இரண்டு பேரும் நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு இடத்தில் தயங்குகிறேன். பங்கு கூடுகிறது என்பதால் வைரஸ் வேகமானது என்று எப்படி முடிவுக்கு வருவது?

2020 கோடையில் ஸ்பெயினில் 20ஏ.இயூ1 என்ற திரிபு தலைகாட்டியது. இலையுதிர் காலத்துக்குள் ஐரோப்பாவின் பல நாடுகளில் அதுவே மேலே வந்துவிட்டது. உங்கள் முறைப்படி மடக்கை எடுத்துக் கோடு போட்டால் அதுவும் ஏறுமுகமாகத்தான் இருந்திருக்கும். ஆய்வாளர் எம்மா ஹாட்கிராஃப்ட் குழுவினர் தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது வேறு. கோடை விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் போனவர்கள் திரும்பத் திரும்ப அதை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வைரஸிடம் பெரிய தனிவேகம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

ஒரு திருவிழாவிலிருந்து ஐம்பது பேர் ஒரே திரிபோடு ஊர் திரும்பினால் அந்த ஊரில் அதன் பங்கு குதிக்கும். அதை வைத்து ஊரடங்கு போடச் சொல்வீர்களா?

---

எண்ணும்எழுத்தும் | திங்கள், மதியம் 1:15

மிகச் சரியான தடை. 2020 டிசம்பரில் நிபுணர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இது.

ஆல்ஃபாவில் என்ன வேறுபாடு? ஸ்பெயின் திரிபு வெளியிலிருந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது. பயணம் நின்றால் அந்த ஏற்றமும் தளர வேண்டும். ஆல்ஃபாவோ மக்கள் வீட்டுக்குள் இருந்த நவம்பரில், உள்ளூரிலேயே ஏறியது. ஒரு பகுதியில் மட்டுமில்லை. பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது, பல இடங்களில் வெவ்வேறு தேதியில் தொடங்கி ஏறக்குறைய ஒரே சாய்வில் ஏறியது. தற்செயல் என்றால் ஓர் இடத்தில் ஏறி இன்னோர் இடத்தில் இறங்கியிருக்கும். தொடர்புத் தடமறிதலிலும், ஆல்ஃபா வந்தவருடைய தொடர்பாளர்களுக்குத் தொற்றுவது கூடுதலாக இருந்தது. இத்தனைக்கும் அது அங்கே முந்தியது யாரை? நீங்கள் சொன்ன அந்த ஸ்பெயின் திரிபின் வாரிசுகளையும் சேர்த்துத்தான்.

உங்கள் திருவிழா உதாரணத்துக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. முதல் குதிப்பை எண்ண வேண்டாம். அதற்குப் பிறகு வாரா வாரம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

சாய்வு சரியாகக் கிடைத்த பின்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆல்ஃபா பற்றிச் செய்தித்தாளில் பெரிதாக வந்த எண் "70% வேகம்" என்பது. டிசம்பர் 19 அன்று அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் "70% வரை இருக்கலாம்" என்று சொன்னதிலிருந்து அது உலகமெல்லாம் போனது. அது சாய்வு இல்லை. சாய்வு நாளுக்கு அல்லது வாரத்துக்கு இவ்வளவு என்று வருவது. 70% என்பது ஆர் மதிப்பில், அதாவது ஒருவர் எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்பதில். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, ஒருவருக்குத் தொற்றி அவர் அடுத்தவருக்குத் தொற்ற வைக்க எத்தனை நாள் ஆகும் என்பது தெரிய வேண்டும். தலைமுறை இடைவெளி என்று சொல்வோம்.

நம் கற்பனை ஊருக்கே வாருங்கள். வாரத்துக்கு 1.75 மடங்கு. தலைமுறை இடைவெளி 5.5 நாள் என்றால் 1.75இன் அடுக்கு 5.5/7, விடை 1.55. அதாவது 55% கூடுதல். இடைவெளி 3 நாள்தான் என்றால் அடுக்கு 3/7, விடை 1.27. அதாவது 27%. தரவு ஒன்றே, கோடும் ஒன்றே, ஆனால் விடை பாதியாகிவிட்டது! அதனால்தான் ஆல்ஃபாவுக்கு லண்டன் சுகாதார வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் குழு 43 முதல் 90% என்று அகலமான வரம்பு கொடுத்தது. அந்த அகலத்தைப் பார்த்து அவர்களுக்கே தெரியவில்லை என்று பலர் பேசினார்கள். எனக்கோ அந்த வரம்பில்தான் நேர்மை தெரிகிறது.

இன்னொன்று. ஏன் முந்துகிறது என்பதைக் கோடு சொல்லாது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் ஓமிக்ரான் ஏறிய சாய்வு ஆல்ஃபாவைவிடச் செங்குத்து. ஆனால் அதில் பெரும்பங்கு, ஏற்கெனவே தொற்று வந்தவர்களையும் தடுப்பூசி போட்டவர்களையும் அது மீண்டும் பிடித்ததால் வந்தது. அதைப் பிரித்துப் பார்க்க ரத்தப் பரிசோதனையும், மறுதொற்றுக் கணக்கும் வேண்டும்.

---

வடகடல் | திங்கள், இரவு 8:50

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக டென்மார்க்கில் இருக்கிறேன். இங்கே நடந்ததை எழுதினால் டீச்சருக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

2020 டிசம்பர் நடுவில் இங்கே நாளுக்கு 3,000 பேருக்கு மேல் தொற்று. கடைகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டு. ஜனவரி முடிவில் 1,000க்கும் கீழே இறங்கிவிட்டது. நாங்கள் திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களோ ஜனவரி தொடக்கத்திலேயே இன்னும் இறுக்கினார்கள். கூடக்கூடியவர்கள் பத்திலிருந்து ஐந்தானது, இடைவெளி ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டரானது. வேலையிடத்தில் எல்லோருக்கும் கோபம். எனக்கும்தான். எண்ணிக்கை குறையும்போது ஏன் இறுக்குகிறார்கள்?

காரணம் நீங்கள் எழுதிய அந்த நடு எண். இங்கே பொசிட்டிவ் சாம்பிள்களில் பெரும்பகுதியை மரபணு வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு கிழமையும் (வாரமும்) ஆல்ஃபாவின் பங்கை வெளியிட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அது சில விழுக்காடுதான், ஆனால் கிழமைக்குக் கிழமை பெருகியது. பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் ஓர் உதாரணம் சொன்னார். கோபன்ஹேகனின் பார்க்கன் காற்பந்து அரங்கின் உச்சி வரிசையில் இருக்கிறீர்கள். கீழே ஒரு குழாய். முதல் நிமிடம் ஒரு துளி, அடுத்த நிமிடம் இரண்டு, பிறகு நாலு. அரங்கு 44 நிமிடத்தில் நிரம்பிவிடும், ஆனால் 42 நிமிடம் வரை கிட்டத்தட்ட வெறுமையாகவே தெரியும். அதைக் கேட்டபிறகு என் மனைவி கோபப்படுவதை விட்டுவிட்டாள். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

பிப்ரவரி 8ஆம் தேதி சின்ன வகுப்புப் பிள்ளைகளை மட்டும் பள்ளிக்கூடம் விட்டார்கள். மார்ச் நடுவில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஆல்ஃபா. கணக்குச் சொன்னபடியே அது மற்றதை முந்தியது. ஆனால் ஆட்களை நோய் அள்ளிக்கொண்டு போகவில்லை, ஏனெனில் முந்தும்போது மொத்தம் சிறிதாக இருந்தது. அந்த இரண்டு மாதம் எங்களுக்குச் சரியான கஷ்டம். இருந்தாலும் என் தாயார் தடுப்பூசி போடும்வரை தொற்றாமல் இருந்தார்.

---

மலைச்சாரல் | செவ்வாய், காலை 6:55

டென்மார்க் கதை மனதைத் தொட்டது. ஆனால் அது சுமார் 60 லட்சம் பேரே உள்ள, பணமுள்ள நாடு. நம் ஊருக்கு வருவோம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த வல்லுநர் குழுவிடமும் கணித மாதிரி இருந்தது. 2020 அக்டோபரில் அவர்கள், பிப்ரவரி முடிவில் தொற்று மிகக் குறைந்துவிடும் என்றார்கள். பிறகு வந்தது நமக்குத் தெரியும். கணிதத்தை நம்பிய மக்களுக்கு யார் பதில் சொல்வது?

---

எண்ணும்எழுத்தும் | செவ்வாய், மதியம் 12:30

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மாதிரியின் அடிப்படைச் சட்டகம் மிகப் பழையது. நாட்டு மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என்று பிரிப்பது. 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் எழுதிய கட்டுரையில் இருந்து வருவது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அந்தக் கட்டுரையில் அவர்கள் தங்கள் சமன்பாட்டைப் பொருத்திக் காட்டிய தரவு எது தெரியுமா? 1905, 1906இல் பம்பாயில் பிளேக்கால் வாரா வாரம் இறந்தவர்களின் எண்ணிக்கை. ஏறி இறங்கும் அந்த மணி வடிவக் கோட்டுக்குள் நம் ஊர் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்தச் சட்டகத்தில் ஒரே நோய்க்கிருமி, அது மாறாது, மீண்டவருக்குத் திரும்ப வராது. 2020இல் வந்த மொத்த எண்ணிக்கையை அதில் பொருத்தினால், தொற்றக்கூடியவர்கள் தீர்ந்துகொண்டு வருகிறார்கள் என்றுதான் அது சொல்லும். பிப்ரவரியில் எண்ணிக்கை இறங்கியபோது அந்தக் கணிப்பு பலித்ததுபோலவே தெரிந்தது. டீச்சர், உங்கள் வீட்டில் கல்யாணத் தேதி வைத்த மாதம் அது. மொத்தம் என்ற ஒரே ஒரு பத்தியை (நெடுவரிசையை) வைத்துக்கொண்டு போட்ட கணக்கில், புதிய திரிபின் இரண்டாவது பத்தி தெரிய வழியே இல்லை.

இரண்டாவது பத்தி அப்போதே வளரத் தொடங்கியிருந்தது. மகாராஷ்டிராவின் விதர்பா பகுதியில், அமராவதியில் பிப்ரவரி 22 முதல் ஊரடங்கு போட வேண்டிய அளவுக்குத் தொற்று ஏறியது. பிறகு டெல்டா என்று பெயர் பெற்ற பி.1.617.2இன் ஆரம்ப சாம்பிள்கள் 2020 அக்டோபரைச் சேர்ந்தவை. மரபணு வரிசைப்படுத்த இன்சாகாக் என்ற ஆய்வக வலையமைப்பை 2020 டிசம்பர் கடைசியில் அறிவித்தார்கள். பாசிட்டிவ் சாம்பிள்களில் 5%ஐ வரிசைப்படுத்துவது குறிக்கோள். அந்த அளவை அப்போது எட்ட முடியவில்லை. இரட்டை மாற்றம் கொண்ட திரிபு பற்றிச் சுகாதார அமைச்சகம் அறிக்கை வெளியிட்டது மார்ச் 24.

ஆகவே என் பதில் இது: இங்கே தேவைப்பட்ட கணக்கு கடினமானது இல்லை. வகுத்தலும் மடக்கையும்தான். வகுக்க வேண்டிய எண் கையில் இல்லாமல் போனது. ஒரு திரிபுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணிப்பை, அந்த நிபந்தனையைச் சேர்த்துச் சொல்லாமல் மக்களிடம் கொண்டுபோனது பெரிய தவறு. என் துறையில் இருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒப்புக்கொள்கிறேன்.

---

ஆய்வகவாசி | செவ்வாய், மாலை 6:20

இதோடு ஒன்று சேர்க்கிறேன். டெல்டாவில் எஸ் ஜீன் விழாது. நம் ஊரில் அதற்கு முன்னால் பெரும்பாலும் சுற்றிய திரிபுகளிலும் விழாது. அதனால் இங்கிலாந்துக்குக் கிடைத்த அந்தக் குறுக்குவழி நமக்குக் கிடைத்திருக்காது. வரிசைப்படுத்துவது ஒன்றுதான் வழி.

---

தாமரைக்குளம் | புதன், இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக நோட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியா என்று சொல்லுங்கள்.

அந்தக் கற்பனை ஊரில் வாரத்துக்கு 200 சாம்பிள் வரிசைப்படுத்துகிறார்கள் என்று வைத்தேன். தொடக்கத்தில் புதியதின் பங்கு சுமார் 1%. இருநூறில் இரண்டு வர வேண்டும். ஒன்றுமே வராமல் போக வாய்ப்பு 0.99இன் 200ஆம் அடுக்கு, 13% வருகிறது. ஆக முதல் வாரத்தில் தவறவிடலாம். மூன்றாவது வாரம் பங்கு 5%. இருநூறில் பத்து. அதற்குள் சாய்வும் ஓரளவு தெரிந்துவிடும். மொத்தம் திரும்பி ஏறுவது எட்டாவது வாரம். அப்படியானால் ஐந்து வாரம் முன்னதாகத் தெரிகிறது.

ஆனால் சாம்பிள் எடுத்து முடிவு வர மூன்று வாரம் ஆனால், மூன்றாம் வாரத்துப் பங்கு கைக்கு வருவது ஆறாம் வாரம். மிச்சம் இரண்டே வாரம். தாமதம் ஐந்து வாரம் என்றால், மொத்தமே ஏறத் தொடங்கிய வாரத்தில்தான் அறிக்கை வரும்.

பிப்ரவரியில் ஒரு செய்தித்தாளில் ஒரு மூலையில் இந்தப் பங்கு மட்டும் வந்திருந்தால் நான் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருப்பேனா என்று யோசித்தேன். பங்கு 5% என்று மட்டும் போட்டிருந்தால் தள்ளியிருக்க மாட்டேன். போன வாரம் 3%, இந்த வாரம் 5% என்று போட்டிருந்தால் தள்ளியிருப்பேன். அப்பா போனது இதனால்தான் என்று சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் என்ன எண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

இந்த அட்டவணையைப் பதினொன்றாம் வகுப்பில் மடக்கைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாமா?

---

எண்ணும்எழுத்தும் | புதன், இரவு 10:40

கணக்கு முழுக்கச் சரி. நடைமுறையில் சாம்பிள் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் சேரும். எல்லாம் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தால் இருநூறும் இருபதுக்குச் சமம். அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாராளமாகப் பயன்படுத்துங்கள் டீச்சர். ஒரு யோசனை. முதலில் மொத்தத்தை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள், ஏழாவது வாரம் வரைக்கும். 12ஆவது வாரம் என்ன எண் வரும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம் மற்ற இரண்டு பத்தியையும் எழுதுங்கள்.

---

வடகடல் | வியாழன், காலை 5:30

பிள்ளைகள் என்ன எண் எழுதினார்கள் என்று இங்கே வந்து போடுங்கள் டீச்சர். பார்த்துக்கொண்டிருப்பேன்.